ஆக்சிடேஸ்: ஏற்றுகிறதா, பறிக்கிறதா?

ஆஸ்துமா ஆராய்ச்சி பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘உயிர்வளியேற்றும் நொதி’ அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆக்சிடேஸ் என்ற நொதிவகைக்கு இதுதான் தூய தமிழாம்; உயிர்வளி என்றால் ஆக்சிஜன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? ‘உயிர்வளி ஏற்றுமா, நல்லதாப் போச்சு, எந்த மருந்துக்கடையில் கிடைக்கும்?’ என்றுதான். அடுத்த வரியிலோ அந்த நொதி மிகுந்தால் காற்றுக்குழாய்த் தசை இறுகும் என்று எழுதியிருக்கும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆக்சிஜன், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கிரேக்க வேர்களைக் கொண்டு கட்டிய பெயர். ‘அமிலத்தை ஆக்குவது’ என்று பொருள். (எல்லா அமிலத்திலும் அது இருப்பதாக நினைத்தார். இல்லை.) ‘ஏஸ்’ என்பது 1833இல் பிரித்தெடுக்கப்பட்ட டயாஸ்டேஸ் என்ற நொதியின் வால், பின்னால் வந்த நொதிகள் பலவற்றுக்கும் அதையே ஒட்டினார்கள். நொதி நம் சொல், நொதித்தலிலிருந்து வந்தது. அதில் எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம் ‘உயிர்வளியேற்றும்’ என்பதில். வேதியியலில் ஒரு பொருள் எலக்ட்ரானை இழந்தாலே ஆக்சிஜனேற்றம்தான். ஆக்சிஜன் பக்கத்திலேயே இல்லாமலும் அது நடக்கும். ஆக்சிடேஸ் ஒரு பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஆக்சிஜன் அங்கே வாங்கிக்கொள்கிற ஆள், யாருக்கும் ஏற்றப்படும் சரக்கு அல்ல. வாங்கியபின் அது, நொதியைப் பொறுத்து, தண்ணீராகவோ சூப்பராக்சைடாகவோ ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ மாறிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு என்பது புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதுதான்.

காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசையில் நாக்ஸ்-4 என்றோர் ஆக்சிடேஸ் உண்டு. அது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடையே வெளிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களின் தசைச் செல்களில் இந்த நொதி கூடுதலாக இருப்பதையும், அவை அளவுமீறிச் சுருங்குவதையும், நாக்ஸ்-4ஐத் தடுத்தால் அந்த மிகைச் சுருக்கம் அடங்குவதையும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டது அது. இதில் உயிர் எங்கே, வளி எங்கே, ஏற்றம் எங்கே?

இன்னொரு கூத்தும் உண்டு. ‘நெல்லிக்காயில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது, சாப்பிடுங்கள்’ என்று எழுதுவதும் இந்த மொழிபெயர்ப்பாளர்களே. ஆக்சிடேஸ் உயிர்வளியேற்றி என்றால் ஆன்டிஆக்சிடன்ட் உயிர்வளியை மறிப்பதல்லவா? நெல்லிக்காயைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘ஆக்சிஜனேற்றம்’ பரவாயில்லை ரகம். ஆனால் குளுக்கோஸ் ஏற்றிப் பழகிய காதுக்கு அதுவும் சிலிண்டரைத்தான் நினைவூட்டும். இலங்கைப் பாடநூல்கள் இதில் கெட்டிக்காரத்தனம் செய்திருக்கின்றன. வாயு ‘ஒட்சிசன்’, வினை ‘ஒட்சியேற்றம்’. ‘சன்’னை வெட்டியதும் வாயு கழன்றுவிட்டது, வினை மட்டும் நின்றது. ஆகவே பொதுப்பெயராக ‘ஒட்சியேற்று நொதி’ என்போம். தனிப்பெயரில் ஆக்சிடேஸ் அப்படியே இருக்கட்டும். ‘ஒட்சி’ தமிழா என்று கேட்பவர்களுக்கு: தமிழ் இல்லைதான், ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

உண்மையிலேயே ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நொதிகள் வேறு, ஆக்சிஜனேஸ்கள். ஆஸ்துமாவில் அவற்றுக்கும் வேலை உண்டு. 5-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி, அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜனைச் சேர்ப்பதில்தான் லியூக்கோட்ரையீன்கள் என்ற அழற்சிப் பொருள்கள் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றில் சில காற்றுக்குழாய்த் தசையைக் கடுமையாகச் சுருக்கும். ஆஸ்துமாவுக்குத் தரும் மாண்டிலுகாஸ்ட் மாத்திரை தடுப்பது அந்த லியூக்கோட்ரையீன்களின் ஏற்பியை, அதாவது அவை செல்லில் வந்து ஒட்டும் இடத்தை. இரண்டு வகை நொதிக்கும் ‘உயிர்வளியேற்றும்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், எந்த மருந்து எதை மறிக்கிறது என்று எப்படிப் புரியவைப்பது?

நோய் முற்ற முற்ற அந்தத் தசை தடித்து, குழாயின் சுவரே மாறிப்போவதற்கு ஆங்கிலத்தின் ‘ரீமாடலிங்’கைப் பெயர்த்து இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘காற்றுப்பாதை மறுசீரமைப்பு’. நெடுஞ்சாலைத் துறை டெண்டர் விட்டதுபோல் இருக்கிறது. சீர்கெடுவதைச் சீரமைப்பு என்று சொல்ல அகராதியைப் பார்த்தால் போதும், நோயைப் பார்க்க வேண்டியதில்லை போலும். ‘சுவர்த் திரிபு’ என்று எழுதிவிட்டுப் போகலாமே.