துண்டு விலகும் முன்பே விரல் அழுந்த வேண்டும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் விலை வாயால் பேசப்படுவதில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்கள். முகங்கள் இரண்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். விலை கட்டாவிட்டால் ஒரு கை வெடுக்கென்று வெளியே வரும். அது அரை நொடி வேலை. அதைக் கண்ணால் பார்த்து, 'இதுதான்' என்று முடிவுசெய்து, பிறகு ஷட்டரை அழுத்தினால், படத்தில் இருப்பது துண்டை உதறித் தோளில் போடும் ஆள்தான்.

கண் கண்டதற்கு விரல் பதில் சொல்லக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகிறது. அதன்மேல் ஆட்டோஃபோகஸ் தேடும் நேரம். அதனால் நடப்பதை எடுக்க முடியாது, நடக்கப்போவதைத்தான் எடுக்க முடியும். உள்ளுணர்வு என்று சொல்வதில் மந்திரம் ஏதுமில்லை. கை வெளியே வருமுன் முழங்கை பின்னே இழுபடும். அதற்கும் முன்னால் சுற்றி நிற்பவர்களின் தலை திரும்பும். பத்துப் பேரத்தைக் கேமரா எடுக்காமல் பார்த்துவிட்டால் மனசு சொல்லுமுன்பே விரல் அசையும். அந்த அசைவைத் தடுக்கக் கூடாது. தடுப்பது பெரும்பாலும் கேமரா அமைப்புகள்தான்.

ஆகவே முடிவுகளைச் சந்தைக்குள் நுழையுமுன் எடுத்துவிட வேண்டும். பலரிடமும் இருப்பது கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 கிட் லென்ஸ், ஏபிஎஸ்-சி எனும் சிறிய அளவு சென்சார். அதை 18 மி.மீ.யில் வைத்து, லென்ஸ் துவாரத்துக்கு எஃப் 8 கொடுத்து, 2 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவு கிடைக்கும். பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவில் 28 மி.மீ., எஃப் 8, 2.5 மீட்டர் என்றால் சுமார் 1.4 முதல் 10 மீட்டர் வரை. ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோ, உச்சம் 6400. படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியுமே என்ற கவலை வேண்டாம். புள்ளி உள்ள படத்தைப் பார்க்கலாம், முகம் இழுபட்ட படத்தை என்ன செய்வது?

இதில் இரண்டு பொறிகள். ஜூம் வளையம் விரல் பட்டு நகர்ந்தால் எல்லாம் போச்சு. ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பல மிரர்லெஸ் கேமராக்கள் தூங்கி எழும்போது மேனுவல் ஃபோகஸை மறந்துவிடும். தூங்கும் நேரத்தை நீட்டிவைத்து, கூடுதல் பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது மேல்.

கொங்குச் சந்தைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஃப்ரேம் முழுக்க வெள்ளை நிறைந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், முகம் கரியாகும், வெளிச்சத் திருத்தத்தில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +2/3 கொடுங்கள். இருண்ட கொட்டகைக்குள் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை என்றால் நேர் எதிர், சட்டை வெந்துபோகும், −2/3. சில ஆரம்பநிலை கேமராக்களில் எம் (மேனுவல்) முறையில் ஐஎஸ்ஓ ஆட்டோவாக இருந்தால் இந்தத் திருத்தம் வேலை செய்யாது. வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

கோவை மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டில் விடிகாலையில் கணக்கு மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500 வைத்தால் சாமந்திக் குவியலின் மேல் பட்டை பட்டையாக நிழல் விழலாம், எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100. நடப்பவர் இழுபடுவார், அதனால் நிற்கும் நொடிகளைத் தேடுங்கள்: தராசு முள் நிலைக்கும்போது, மூட்டையைத் தலையில் ஏற்றுமுன் மூச்சுப் பிடிக்கும்போது.

நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் பர்ஸ்ட்டை நம்புவோர் உண்டு. பத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளியில் முகம் மாறிவிடும். அதைவிடக் கெடுதல், விரல் வேலை செய்கிறதே என்று கண் ஓய்ந்துவிடுவது. இரண்டு மூன்று தனித்தனி அழுத்தல் போதும். எடுத்ததும் திரையைக் குனிந்து பார்க்கும் பழக்கமும் அப்படித்தான். நல்ல படம் பல நேரம் நாம் குனிந்திருக்கும்போதுதான் நடக்கிறது.

"எதுக்குத் தம்பி எடுக்கற?" என்ற கேள்வி வந்தே தீரும். கேமராவை இறக்கி, முகம் பார்த்து, "சந்தைய எடுக்கறனுங்ண்ணா, பாக்கறீங்ளா?" என்று படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். உள்ளுணர்வு விரலுக்குத்தான், அவர் மறுப்பை மீற அது சாக்கு ஆகாது.

மற்றபடி அன்றே எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் வரிசையாகத் திறந்து, ஒவ்வொரு பேரத்திலும் முதல் படத்தை மட்டும் பாருங்கள். கை ஏற்கெனவே வெளியே வந்திருந்தால் நீங்கள் தாமதம். அடுத்த வியாழன் முழங்கையை விட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களின் தலையைக் கவனியுங்கள். எல்லாப் படத்திலும் துண்டு அசையாமல் கிடந்தால் அவசரப்பட்டு அழுத்தி, சீக்கிரம் நகர்ந்துவிட்டீர்கள்.