பம்பைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

பழைய லாரி லோடோடு மேடு ஏறத் திணறினால், பலரும் முதலில் கை வைப்பது டீசல் பம்பில்தான். டீசலைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் இழுவை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். லேசாக வரவும் செய்யும். கூடவே கரும்புகையும் வரும். அந்தப் புகை, சரியாக எரியாமல் போன டீசல். கம்ப்யூட்டர் வராத காலத்து லாரி எஞ்சின்களில் இழுவை குறைந்தால், பெரும்பாலும் குறைந்திருப்பது டீசல் அல்ல, காற்றும் அமுக்கமும்தான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை 16, 17 மடங்கு அமுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியச் சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். தூசி அடைத்த ஏர் ஃபில்டரை வைத்துக்கொண்டு பம்பைத் திருகுவது வீண் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்திருக்கும். எஞ்சினைப் பிரிக்காமல் எந்த டியூனிங்கும் உதவாது.

அது நன்றாக இருந்தால், அப்புறம் டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. அது குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாது. அமுக்கம் கசியும், நாளடைவில் வால்வே கருகும். அதிகமானால் வால்வு குறைவாகத் திறக்கும், காற்று போதாது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் முதலாவது பிஸ்டனும் ஆறாவதும் ஒன்றாக மேலே வரும். ஆறாவதின் இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் அசையும் இடத்தில் நிறுத்தி, முதலாவதை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்வார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்; கம்பெனி சொன்ன அளவையே வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், டியூனிங்கில் பாதி வேலை, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலில் இருக்கிறது. கழற்றி டெஸ்டரில் மாட்டி, கைப்பிடியை மெல்ல அழுத்தினால் டெஸ்டரின் அழுத்த முள் ஏறும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் 200 பார் அழுத்தத்தை ஒட்டி நாசிலுக்குள் இருக்கும் ஊசி திறக்கும். நல்ல நாசில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தபடி, எல்லாத் துளையிலும் பனிபோல ஒரே சீராகத் தூவும். முனை காய்ந்தே இருக்கும். கெட்டுப்போனது ஒரு பக்கம் கம்பியாகப் பீய்ச்சும், முனையில் சொட்டு நிற்கும். பெரிய துளி எரிந்து தீர நேரமாகும். அதற்குள் பிஸ்டன் இறங்கிவிடும். ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால், மெல்லிய ஷிம் (உலோகத் தகடு) ஒன்று சேர்த்தாலே போதும். சோதிக்கும்போது அந்தப் பீய்ச்சலுக்கு முன் கையை நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடுத்தது டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம். பிளைவீலில் உள்ள குறிக்குப் பிந்தி டீசல் விழுந்தால் இழுவை குறையும், சைலன்சர் அதிகமாகச் சூடாகும். முந்தி விழுந்தால் எஞ்சின் தட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் குறை இருந்தால், பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பலாம். அங்கே பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு பிளஞ்சரும் தள்ளும் டீசலைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஆறும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை சரிசெய்வார்கள். அளவு சரியானதும், டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஃபுல் லோடு ஸ்க்ரூவுக்கு மறுபடி சீல் வைத்து வாங்குங்கள்.