தாழ்வாரத்தை இடிக்காதீர்கள்

பழைய கடை முகப்பை இடித்துப் புதிதாக்கித் தரச் சொல்லி, கட்டடம் வரையும் என்னிடம் வந்தவர்களில், இந்த ஆண்டில் மட்டும் இவர் மூன்றாவது ஆள். புதுச்சேரி காந்தி வீதியின் கிழக்கு வரிசையில், மேற்குப் பார்த்த ஜவுளிக்கடை. தாத்தா காலத்து வீடு. முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் சார். முகப்பு முழுக்கக் கண்ணாடி, மேலே ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட், நடுவில் பெரிய எல்.இ.டி. திரை. இனிமேல் கடை என்றால் இப்படித்தான்" என்றவர், கைபேசியில் கல்லாவே இல்லாத ஒரு அமெரிக்கக் கடையைக் காட்டினார்.

அந்தக் கடையையே எடுத்துக்கொள்வோம். சியாட்டிலில் 2018 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்த அமேசான் கோ. கூரையில் கேமராக்கள், அலமாரிகளில் எடை உணரிகள். வேண்டியதை எடுத்துக்கொண்டு நடந்து வெளியே வந்தால் போதுமாக இருந்தது. இதில் கண்ணாடி முகப்புக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. அதே கேமராவை நம் ஊர் மரஉத்திரத்திலும் மாட்டலாம். இன்னொன்றும் கேளுங்கள். 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமே அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இந்த முறையை எடுத்துவிட்டு, தள்ளுவண்டியே கணக்குப் போடும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. ஆறே ஆண்டுகள்! உங்கள் சுண்ணாம்புச் சுவர் மூன்று தலைமுறையாக நிற்கிறது. எதற்காக எதை இடிக்கச் சொல்கிறீர்கள்?

புதிய தொழில்நுட்பம் கடையின் உள்ளேதான் இடத்தைக் காலியாக்குகிறது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது, இன்று கூபேர் மார்க்கெட் பூக்கூடையிலும் க்யூ.ஆர். அட்டை செருகியிருக்கிறது. கல்லா மேசை சுருங்கிவிட்டது. மாடியில் அடுக்கிய சரக்கு நாளை நம் ஊர் மேட்டுப்பாளையம் குடோனுக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது வாசல்தான். பட்டுச்சேலை எடுக்க வரும் எந்த அம்மாவாவது குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்கிறாரா? சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, தோளில் போட்டு, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார். எந்தச் செயலியும் இதைச் செய்து தராது. நேர் வெயில் படாமல் பகல் வெளிச்சம் தரும் இடம் தாழ்வாரம். அதை இடித்துக் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். மேற்கு வெயிலுக்கு ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும்.

கைபேசியில் ஆர்டர் எடுத்தாலும் அதை வாங்கிப்போக ஆள் வர வேண்டும். பையைச் சுமந்து வரும் அந்தப் பையன்கள் இன்று நடுத்தெருவில் வெயிலில் நிற்கிறார்கள். திண்ணையில் ஒரு ஓரம் கொடுங்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். ஏ.சி.பி. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடும். உள்ளே பிளாஸ்டிக் வைத்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம். லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017-இல் 72 பேர் இறந்ததற்கு அந்த வகை ஷீட் ஒரு முக்கியக் காரணம். மாடி ஜன்னல்களை விளம்பரப் பலகையால் மூடாதீர்கள். உள்ளே சிக்கியவர் எந்த வழியாக வருவார்? மின்சார ஸ்கூட்டரைப் படிக்கட்டின் கீழ் சார்ஜ் போடாதீர்கள். மின்பலகை, பேட்டரி, சர்வர் கணினி எதுவும் தரையில் வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் நின்ற தண்ணீரை மறந்துவிட்டீர்களா? சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். திரை வேண்டுமென்றால் உள்சுவரில் தனிச் சட்டத்தில் நிறுத்துங்கள். பழுதானால் கழற்றிவிடலாம்.

அந்த ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாழ்வாரம் அப்படியே இருக்கிறது, திண்ணையின் வடகோடியில் ஆர்டர் வாங்கும் ஜன்னல், உள்ளே பாதி அலமாரிகள் இல்லை. "தூண் செல்லரித்துவிட்டதே சார்" என்கிறார். அரித்த அடிப்பகுதியை மட்டும் வெட்டி, புது மரம் ஒட்டுப்போட்டுத் தரும் தச்சர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். இடிக்க ஆள் கூப்பிடும் முன் என்னிடம் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.