பத்து நாள் ஊட்டியில் ரத்தம் ஊறாது

இந்த மே மாதத்தில் மட்டும் சிகிச்சைக்கு என்னிடம் வந்த ஐந்தாவது பிள்ளை இவள். 14 வயது. மலையில் ஆடினால் ரத்தம் ஊறும், ஆட்டத்தில் தெம்பு கூடும் என்று நம்பி அனுப்பிய, ஊட்டியில் 10 நாள் டென்னிஸ் முகாம். இறங்கிய மூன்றாம் நாளே சென்னையில் போட்டி. இரண்டாவது செட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கோவைக்கு வந்து என் முன்னால் கையை நீட்டியபோது, முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டாலே முகம் சுருங்கியது. அவள் அப்பா இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்து வைத்தார். "மேடம், போறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 12.4. வந்ததும் 13.2. நல்லா ஏறியிருக்கு பாருங்க. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

ஏறவில்லை சார். ரத்தம் சுண்டியிருக்கிறது.

இதை ஒவ்வொரு கோடையிலும் சொல்கிறேன், இன்னொரு முறை பொறுமையாகவே சொல்கிறேன். தாளில் இருக்கும் எண், ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதுதான். உடம்பில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. மலைக்குப் போன முதல் சில நாட்களில் சிறுநீர் கூடுதலாகப் போகும். குளிர்ந்த வறண்ட காற்றில் மூச்சோடும் நீர் போகும். குளிரில் தாகம் எடுக்காததால் பிள்ளைகள் குடிக்கவும் மாட்டார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்தால் எண் தானாக ஏறும். அடுப்பில் விட்ட சாம்பார் சுண்டிக் கெட்டியானால் பருப்பு கூடிவிட்டது என்று யாராவது சொல்வோமா? கீழே வந்து நாலு நாள் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

மலையில் சிவப்பணு கூடும் என்பது பொய்யில்லை. அதற்கான ஹார்மோன் ஓரிரு நாளிலேயே சுரக்கத் தொடங்கிவிடும். ஆனால் மொத்த ஹீமோகுளோபின் உருப்படியாகக் கூட மூன்று, நான்கு வாரம் வேண்டும். 1997-ல் லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓட்டக்காரர்கள் நான்கு வாரம் 2500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்தபோதுதான் பலன் கிடைத்தது. உடம்பில் இரும்புச்சத்து இல்லாவிட்டால் நான்கு வாரம் இருந்தும் பெரிதாக ஒன்றும் நடக்காது. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். முகாமுக்குப் பணம் கட்டும் முன் அந்த ஒரு பரிசோதனையைச் செய்யுங்கள்.

சரி, பலன் கிடைத்தாலும் டென்னிஸுக்கு அது எவ்வளவு? பெரும்பாலான பாயிண்டுகள் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். அடுத்த சர்வுக்கு 25 விநாடி இருக்கிறது. 5000 மீட்டர் ஓடுபவருக்குக் கிடைக்கும் லாபம் இங்கே கிடைக்காது.

ஆனால் நஷ்டம் உறுதி. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். மெக்சிகோ நகரமும் அதே உயரம்தான். 1968 ஒலிம்பிக்கில் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டியதும் அங்கேதான், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சுக்குத் திணறியதும் அங்கேதான். அடர்த்தி குறைந்த காற்றில் பந்தும் சீறிப் போகும், பந்தை முன்னோக்கிச் சுழற்றிக் கீழிறக்கும் டாப்ஸ்பின் போட்டாலும் எதிர்பார்த்த இடத்தில் இறங்காது. பந்துக்குள் இருக்கும் அழுத்தம் அப்படியே இருக்க வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் துள்ளலும் கூடும். அதனால்தான் 1219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்துகளை விதிப்புத்தகம் அனுமதிக்கிறது. டப்பாவிலேயே 'ஹை ஆல்டிட்யூட்' என்று அச்சிட்டிருக்கும். இந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த டப்பாவைப் பார்த்ததில்லை என்றார்கள். கீழே ஆடும் அதே பந்துதான்.

பந்து கோட்டைத் தாண்டி ஓடுகிறதே என்று இந்தப் பெண்ணின் கோச் ராக்கெட் ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தை 50 பவுண்டிலிருந்து 55-க்கு ஏற்றினார். மலையில் ஸ்ட்ரிங்கை இறுக்குவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் தோளுயரத்துக்கு எகிறி வரும் பந்தை, இறுகிய பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கில், காலை இரண்டரை மணி, மாலை இரண்டு மணி என்று 10 நாள் அடித்தால்? 14 வயதில் முழங்கை எலும்பின் வளரும் நுனி இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. பெரியவர்களுக்குத் தசைநாரில் வரும் வலி, பிள்ளைகளுக்கு அந்த நுனியில் வருகிறது. அதே ராக்கெட்டோடு சென்னைக்கும் போயிருக்கிறாள். பந்து நெட்டைத் தாண்டவில்லை என்று இன்னும் பலமாக அடித்திருக்கிறாள்.

அந்தத் தலைசுற்றல் விஷயம்தான் எனக்கு அதிகப் பயம். கோவை வெயிலில் ஏப்ரல் முழுக்க ஆடிய உடம்பு, வெயிலைத் தாங்கக் கற்றிருந்தது. சீக்கிரம் வியர்க்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கும். குளிரில் ஒரு வாரம், பத்து நாள் இருந்தாலே அந்தப் பழக்கம் கழன்றுபோகத் தொடங்கும். அதன்பின் மே மாதச் சென்னையில் மதியம் ஆடச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான்கு வாரம் இருந்து சம்பாதிக்க வேண்டியதற்காகப் போய், கையில் இருந்ததையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பிள்ளை சந்தோஷமாக ஆடட்டும், மலையைப் பார்க்கட்டும் என்று அனுப்பினால் எனக்கு மறுப்பே இல்லை. அப்படி அனுப்பும்போது முதல் மூன்று நாள் பாதி நேரம் மட்டும் ஆட விடுங்கள். பந்து டப்பாவை நீங்களே கேட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர். மேகம் இருந்தாலும் சன்ஸ்கிரீன், மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் ஹோட்டல் அறையில் இருக்கக் கூடாது, கோர்ட் ஓரம் கிட் பையில் இருக்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று ஆட வேண்டாம். "சமாளிச்சுக்குவான்" என்று சொல்லாதீர்கள். குறையாவிட்டால் கீழே அழைத்து வந்துவிடுங்கள், மேட்டுப்பாளையம் 50 கிலோமீட்டர்தான்.

இறங்கியதும் முதல் வேலை ஸ்ட்ரிங்கை மாற்றுவது. அப்புறம் 10 முதல் 14 நாள், தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் நேரத்தைக் கூட்டிப் பழக்குங்கள். அதற்குள் போட்டி இருந்தால், தயவுசெய்து, அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். கோச்களே, தேதிகளை நீங்கள்தான் போடுகிறீர்கள். பெற்றோர் உங்களைத்தான் நம்புகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வாரம் ராக்கெட் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். "ஜூன் டோர்னமென்ட், மேடம்?" என்று அவள் கேட்டாள். அப்பா அந்த இரண்டு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.