கட்டளைப் படிமம்: சொல் விளக்கம்

வன்னியில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிக்கிறேன். விஞ்ஞானம் எப்படி மாறுகிறது என்று எழுதிய மெய்யியலாளர் தோமஸ் கூன் பாடம் வந்தால் பிள்ளைகள் தடுக்கி நிற்பது 'கட்டளைப் படிமம்' என்ற அவருடைய சொல்லில்தான். கட்டளை என்றால் உத்தரவு அல்லவா, விஞ்ஞானிக்கு யார் உத்தரவு போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இங்கே கட்டளை உத்தரவு அல்ல, அளவு. 'கருமமே கட்டளைக் கல்' என்ற குறள் எல்லாருக்கும் தெரியும். அது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். கட்டளைக் கலித்துறை என்பதும் எழுத்தளவு பிசகாத பா. படிமம் என்றால் உருவம். ஆக, மற்றவற்றை அளந்து பார்க்க உதவும் உருவம் என்று பிரித்துப் படித்தால் பொருள் துலங்கும்.

ஆங்கில மூலச்சொல் 'பரடைம்' (paradigm). கிரேக்கத்தில் அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது, எடுத்துக்காட்டு என்று பொருள். லத்தீன் இலக்கணம் படிப்பிப்பவர்கள் ஒரு வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் எழுதிக் காட்டி, மற்ற வினைகளையும் இப்படியே மாற்று என்பார்கள். அந்த மாதிரி வினைதான் பரடைம். நமக்கு இது புதிதே இல்லை, வாய்பாடு! 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்றால் உழுது, நட்டு, அறுத்து எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

1922இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்த கூன், ஹாவார்டில் பௌதிகவியல் படித்தவர். 1947இல், விஞ்ஞானத் துறை சாராத மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதற்காக அரிஸ்டோட்டில் இயக்கம் பற்றி எழுதியதைப் படித்தார். நியூட்டனில் பழகிய கண்ணுக்கு எல்லாமே பிழையாகத் தெரிந்தது. இத்தனை பெரிய அறிஞர் இப்படியா எழுதுவார் என்று யோசித்தவருக்கு ஒருநாள் பிடிபட்டது. அரிஸ்டோட்டிலுக்கு விதை மரமாவதும், நோயாளி குணமாவதும்கூட இயக்கம்தான். அந்தக் கண்ணால் படித்தால் பிழை என்று நினைத்தவை பொருளுள்ளவை ஆகின்றன. 1962இல் வெளிவந்த 'விஞ்ஞானப் புரட்சிகளின் கட்டமைப்பு' நூலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நூலில் அவர் பரடைம் என்ற சொல்லை 21 பொருளில் ஆண்டிருப்பதாக மெய்யியலாளர் மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். கூனும் பின்னர் அதை இரண்டாகச் சுருக்கினார்: ஒரு துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லாமும் சேர்ந்தது ஒன்று, மாணவன் பார்த்துப் பழகும் தீர்த்துக்காட்டிய கணக்கு மற்றது. இரண்டாவதே ஆழமானது என்பது அவர் எண்ணம், என் எண்ணமும் அதுதான். எங்கள் வயல்களில் தண்ணீர் கட்டப் பழகும் பிள்ளைக்கு யாரும் விதி சொல்வதில்லை. தகப்பன் ஒரு வரம்பை வெட்டிக் காட்டுவார், அடுத்ததைப் பிள்ளை வெட்டும். ஆனால் அடுத்த வயலின் சரிவு வேறு, அப்படியே பார்த்துச் செய்ய முடியாது. வாய்பாடு என்ற சொல் போதாமல் போவதும் இந்த இடத்தில்தான். நீதிமன்றத்தின் முன்தீர்ப்பைப் போல, புது வழக்குக்கு ஏற்ப விரித்தெடுக்க வேண்டியது இது என்று கூனே எழுதியிருக்கிறார்.

கூன் பேர்க்லி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் என்று படிப்பித்து, 1996இல் காலமானார்.

பரடைமைச் சிலர் 'சிந்தனைச் சட்டகம்' என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எடுத்துக்காட்டு என்ற பொருள் அதில் தொலைந்துவிடுகிறது. பிள்ளைகளே, கட்டளைப் படிமம் என்றே எழுதுங்கள்.