தப்பான வரைபடமும் அழகாகத்தான் வரும்: புவித்தகவலியல் முதலாண்டு மாணவர்களுக்கு

இடம் சார்ந்த தரவைச் சேகரித்து வரைபடமாக்கி ஆராயும் புவித்தகவலியலைப் படித்துவிட்டு வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் மென்பொருளைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு கோப்பைத் திறந்து காட்டி, "இந்த எண்கள் எந்த ஆயத்தொலைவு முறையில் இருக்கின்றன?" என்று கேட்பேன். இடத்தைக் குறிக்கும் எண்களை எந்த அடிப்படையில் அளந்தார்கள் என்பதுதான் கேள்வி. பலரும் திரையின் கீழ் மூலையைப் பார்த்து, அங்கே இருக்கும் குறியீட்டை வாசிப்பார்கள். "அது சரிதான் என்று எப்படித் தெரியும்?" என்றால் பதில் வராது. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். லேயர்களை (வரைபட அடுக்குகளை) அடுக்குவார்கள், பஃபர் (ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை) போடுவார்கள், நல்ல வண்ணங்களில் வரைபடம் தயாரிப்பார்கள். படிக்கும் காலத்தில் அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நிரல் எழுதுகிறவருக்குப் பிழை இருந்தால் பல சமயம் நிரலே நின்றுவிடும். இந்தத் துறையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தவறான டேட்டத்தில் (ஆயத்தொலைவுகளை அளக்கும் அடிப்படையில்), தவறான அலகில், பொருந்தாத தேதியில் இருக்கும் தரவையும் மென்பொருள் மறுபேச்சில்லாமல் வரைந்து தந்துவிடும். அந்த வரைபடத்தை வைத்துத்தான் யாரோ வெள்ள எல்லை குறிப்பார்கள், நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவார்கள், குழாய் பதிக்கத் தோண்டுவார்கள். அதனால்தான் முதலாண்டிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாடத்திட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: புவியியல் தகவல் அமைப்பு, தொலையுணர்வு, செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறிதல், நில அளவை, வரைபடக்கலை, கொஞ்சம் தரவுத்தளம், கொஞ்சம் நிரலாக்கம், புள்ளியியல். 1960களில் கனடாவின் நில வள வரைபடங்களைக் கையால் ஒப்பிட்டு முடிக்க முடியாது என்று ஆனபோது, ராஜர் டாம்லின்சன் அவற்றைக் கணினிக்குக் கொண்டுபோனார். துறையின் தொடக்கமாக அதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ராஸ்டர் (கட்டங்களாக உள்ள தரவு), வெக்டர் (புள்ளி, கோடு, எல்லையாக உள்ள தரவு) வேறுபாடு ஒரு வாரத்தில் புரிந்துவிடும். அதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். நேரம் எடுத்துப் படிக்க வேண்டியது ஆயத்தொலைவுகளை.

அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த எண்கள் எந்த டேட்டத்தில் அளந்தவை என்று தெரியாதவரை இடம் முழுதாகத் தெரியாது. பூமியை எந்த வடிவமாக எடுத்துக்கொள்கிறோம், அந்த வடிவத்தை எங்கே பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே எண்கள் வேறு வேறு இடங்களைக் காட்டும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். செயற்கைக்கோள்களுக்கு முன்பு பல நாடுகள் தங்கள் நிலப்பகுதிக்குப் பொருந்துகிற வேறு வடிவத்தை வைத்திருந்தன. ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்தில் எழுதிய எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டால், டோக்கியோ பகுதியில் 400 மீட்டருக்கு மேல் தள்ளிப்போவீர்கள். ஆஸ்திரேலியாவில் நிலமே நகர்கிறது, ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர். 1994-ஐ அடிப்படையாகக் கொண்ட அவர்களின் டேட்டத்துக்கும் 2020-க்கான புதிய டேட்டத்துக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் வித்தியாசம். தெருவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பவருக்கு இது பெரிதில்லை. நிலத்தடிக் கேபிளைத் தேடித் தோண்டுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

என்னிடம் வரும் கோப்புகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஒன்று உண்டு. கோப்புக்கு ஆயத்தொலைவு முறை இன்னது என்று அறிவிப்பது ஒரு செயல். ஒரு முறையில் இருக்கும் எண்களை இன்னொரு முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது வேறு செயல். மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. லேயர் சரியான இடத்தில் உட்காரவில்லை என்றதும், மாற்ற வேண்டிய இடத்தில் பலர் அறிவித்துவிடுகிறார்கள். 100 அடி என்று எழுதியிருப்பதில் 'அடி'யை அழித்து 'மீட்டர்' என்று எழுதுவது போன்றது இது. நீளத்தை மாற்றியதாக ஆகாது. சில சமயம் லேயர் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், பூஜ்ஜியம் பூஜ்ஜியம் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் விழும். அது நல்ல காலம், உடனே கண்ணில் பட்டுவிடும். 200 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்தான் ஆபத்து. "கொஞ்சம் விலகல் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது புரொஜெக்ஷன். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடிவம், பரப்பு, தூரம், திசை எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டரில் இருக்கின்றன. 1569-ல் கடலோடிகளுக்காக மெர்கேட்டர் உருவாக்கிய முறையின் வழி வந்தது அது. திசைக்கு நல்லது, பரப்பை அளக்க உதவாது. 45 டிகிரி அட்சரேகையிலேயே பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும், 60 டிகிரியில் நான்கு மடங்கு. கிரீன்லாந்தைவிட ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இது எல்லா மாணவர்களுக்கும் தெரிந்த உதாரணம்தான். அதே மாணவர் தன் திட்டப்பணியில் காட்டின் பரப்பை வெப் மெர்கேட்டரிலேயே கணக்கிட்டு ஹெக்டேர் என்று எழுதுகிறார். டிகிரியில் பஃபர் போடுவதும் இதே வகைதான். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 111 கிலோமீட்டர், 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதிதான். வட்டம் என்று நினைத்து வரைந்தது அங்கே நிலத்தில் நீள்வட்டமாகிவிடும்.

தசம இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிகிரியில் ஐந்தாவது தசம இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர், எட்டாவது ஒரு மில்லிமீட்டர். கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். அதில் எடுத்த புள்ளிக்கு எட்டு தசம இடம் எழுதினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்கிறோம். படிக்கிறவர் அதை நம்பிவிடுவார்.

உயரத்தைப் பல பாடங்கள் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஜிபிஎஸ் கணக்கிடுவது எலிப்சாய்டு எனும் கணித வடிவத்திலிருந்து உயரம். நாம் கடல்மட்டத்திலிருந்து என்று சொல்வது ஜியாய்டிலிருந்து உயரம், அதாவது ஈர்ப்பு விசை தீர்மானிக்கும் மேடுபள்ளமான பரப்பிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு எலிப்சாய்டுக்குக் கீழே 100 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது; நியூ கினி பக்கம் 80 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ட்ரோன் தரும் உயரத்தை இது தெரியாமல் பழைய அளவைத் தரவோடு கலந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே மாறிவிடும். லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றின் மேல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது நடந்ததைப் பாருங்கள். ஒரு நாடு உயரத்தை வடகடலிலிருந்து கணக்கிடும், இன்னொன்று மத்தியதரைக் கடலிலிருந்து. வித்தியாசம் 27 சென்டிமீட்டர் என்று பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். திருத்தம் செய்யும்போது கூட்டல், கழித்தல் குறி மாறிப்போனதால் வித்தியாசம் 54 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. 2003-ல்தான் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர்களுக்கே இப்படி நடக்கிறது என்பதால் இந்த உதாரணத்தை நான் எல்லாப் புதியவர்களுக்கும் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் படங்களுக்கு வருவோம். 1972 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசைப் படங்கள் இருக்கின்றன. 2008-ல் அவை இலவசமாக்கப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் இலவசம். ஒரு மாணவர் வீட்டில் உட்கார்ந்து அரை நூற்றாண்டு நிலமாற்றத்தை ஆராய முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் லேண்ட்சாட்டின் முக்கிய அலைவரிசைகளில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டருக்குள் இருக்கும் மரம், கூரை, சாலை எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும். அதைக் கணினியில் 5 மீட்டராக மாற்றினால் கட்டங்கள்தான் பெருகும், விவரம் பெருகாது.

கட்டத்தை மாற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நில வகை வரைபடத்தில் 1 நீர்நிலை, 2 கட்டடம், 3 காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சராசரி எடுக்கும் முறையில் மறுகட்டமிட்டால், நீரும் காடும் சந்திக்கும் கரையில் 1-க்கும் 3-க்கும் நடுவே 2 வரும். ஏரிக்கரை முழுக்கக் கட்டடம் முளைத்துவிடும்! வகை எண்களுக்கு மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை எடுக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். மென்பொருள் இதைக் கேட்காது. நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இயந்திரக் கற்றல் முறையில் படங்களிலுள்ள நிலத்தை வகைப்படுத்திவிட்டு, துல்லியம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, சோதனைப் புள்ளிகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. பக்கத்தில் இருப்பவை தூரத்தில் இருப்பவற்றைவிட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருக்கும் என்பதைப் புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970-லேயே புவியியலின் முதல் விதியாகச் சொன்னார். பயிற்சிக்கு எடுத்த வயலிலேயே பக்கத்துப் பிக்சலை எடுத்துச் சோதித்தால் நல்ல மதிப்பெண் வராமல் என்ன செய்யும்?

புள்ளியியலில் எல்லைகள் செய்யும் வேலையையும் கவனியுங்கள். 1979-ல் ஓப்பன்ஷா, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை (மாவட்டம் போன்ற பிரிவுகளை) வெவ்வேறு விதமாகச் சேர்த்துக் காட்டினார்கள். முதியோர் விகிதத்துக்கும் ஒரு கட்சியின் வாக்குக்கும் உள்ள ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றது கூடுகிறதா குறைகிறதா என்ற அளவு), எல்லைகளைச் சேர்க்கும் விதத்தைப் பொறுத்து, ஏறக்குறைய முழு எதிர்மறையிலிருந்து முழு நேர்மறை வரை போனது. தரவு ஒன்றுதான், கோடுகள் மட்டும் வேறு. வட்டார வாரியாக வண்ணம் தீட்டிய எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் இது நினைவுக்கு வர வேண்டும்.

இருப்பிடத் தரவு மனிதர்களுடையது என்பதைப் பாடத்திட்டங்கள் கடைசி அத்தியாயத்தில் வைக்கின்றன. முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 15 லட்சம் பேரின் கைபேசி நடமாட்டத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் இருந்தாலே 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தறிய முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது பாதுகாப்பில்லை. ஓட்டப்பயிற்சிப் பாதைகளின் உலக வரைபடத்தை ஒரு செயலி வெளியிட்டதால், ராணுவ முகாம்களின் உள்வழிகள் பளிச்சென்று தெரிந்ததை 2018-ல் உலகமே பார்த்தது. களத்தில் வீடுவீடாகப் புள்ளி எடுக்கும்போது, இது வெளியானால் யாருக்கு ஆபத்து என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கணிதம் பிடிக்காது, வரைபடம் பிடிக்கும் என்று சேருகிறவர்கள் நிறையப் பேர். வரலாம், ஆனால் கணிதம் காத்திருக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் ஏன் தேவை? இடத்துக்கு மூன்று மாறிகள், உங்கள் கருவியின் கடிகாரப் பிழைக்கு ஒன்று. இந்தச் சமன்பாட்டைக் கையால் ஒருமுறை தீர்த்துப் பார்த்தவருக்கு, உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி ஏன் தாவுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் நிரலாக்க மொழியான பைத்தான், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் இரண்டும் அவசியம். மென்பொருளுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், இடத்தரவுக்கான தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டும் இலவசம், வேலையிடங்களிலும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சி செய்து பாருங்கள். நீங்கள் நடந்து சுற்றிவரக்கூடிய ஒரு மைதானத்தையோ வளாகத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லையைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்தும் எடுங்கள். நாடா வைத்தும் அளந்துவிடுங்கள். வரைந்த எல்லையின் பரப்பை வெப் மெர்கேட்டரில் ஒருமுறை, அந்த இடத்துக்குரிய யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலத்தில் ஒருமுறை கணக்கிடுங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எந்த வித்தியாசம் கருவியால் வந்தது, எது புரொஜெக்ஷனால் வந்தது, எது நீங்கள் கோடு வரைந்த விதத்தால் வந்தது என்று பிரித்து ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த இடத்தில் எழுத முடியாமல் நிற்கிறீர்களோ, அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.