கோட் எழுதுமுன் பங்கை எழுதுங்கள்

அதே கோப்பு இந்த மாதமும் மேசைக்கு வந்திருக்கிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருவர் பதினான்கு மாதம் இரவிரவாகக் கைபேசி ஆப் ஒன்றுக்குக் கோட், அதாவது கணினி நிரல், எழுதியிருக்கிறார். "யோசனை என்னுடையது, கோட் உன்னுடையது, ஆளுக்குப் பாதி" என்று சேர்ந்த பங்காளி வேறு வேலைக்குப் போய்விட்டார். கம்பனியில் பாதி இன்னும் அவர் பெயரில். அவர் கையெழுத்துப் போடாமல் அது திரும்பாது.

யோசனைக்குப் பங்கு கிடையாது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கிடையாது. தேயிலைக் கொழுந்து நிறுக்க ஒரு ஆப் என்று மலையகத்தில் யாருக்கும் தோன்றும். கொழுந்து வாங்குகிறவர் சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ வெட்டுகிறார், உரத்துக்குக் கொடுத்த முற்பணத்தை எந்த மாதக் காசில் பிடிக்கிறார், அந்தக் கணக்கை வெளிச்சம்போட்டுக் காட்டும் ஆப்புக்கு அவரே காசு கொடுப்பாரா, இல்லையென்றால் யார் கொடுப்பார்? இதையெல்லாம் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் கடைக்கும் நடந்துபோய் அறிந்து வருகிறவர்தான் பங்காளி. மச்சான் முறை, ஒரே வகுப்பு, சரளமான இங்கிலீஷ், இவை எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

ஆகவே ஒரு வரி கோட் எழுதாமல், பங்கு கேட்டு வருகிறவருக்கு ஆறு வாரம் கொடுங்கள். இருபது பேரைச் சந்தித்து, கேட்டதைத் தேதி போட்டு எழுதி வரட்டும். தாளில் வரைந்த திரையைக் காட்டி மூன்று பேரிடம் முற்பணம் வாங்கட்டும். ஆயிரம் ரூபாய் போதும். "எல்லாரும் நல்லாயிருக்குன்னாங்க" என்று வந்தால் ஒன்றும் விற்கவில்லை என்று அர்த்தம். மறுத்த எட்டுப் பேரின் காரணங்களோடு வருகிறவரை விட்டுவிடாதீர்கள்.

பதிவுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று யாரோ சொன்னதற்காகப் பெயர் சேர்க்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரரோடு தனியார் கம்பனி பதியலாம்.

பங்கை ஒரேயடியாக இல்லாமல் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். முதல் 12 மாதத்துக்குள் விலகினால் ஒன்றுமில்லை. 12 மாதம் முடிந்ததும் கால்வாசி, பிறகு மாதந்தோறும் 48இல் ஒரு பாகம். 40 வீதம் பேசியவர் 18ஆம் மாதம் போனால் 15 வீதம். உங்களுக்கும் இதே விதிதான்.

கோட் யாருடையது என்பதையும் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நிரலின் உரிமை எழுதியவருக்கு. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் மாற்றாதவரை கம்பனியிடம் எதுவுமில்லை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களே, வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சேரும். நியமனக் கடிதத்தை வாசியுங்கள். உங்கள் சொந்த ஆப்புக்கு அவர்கள் தந்த மடிக்கணினியைத் தொடவே வேண்டாம்.

டொமைன் என்கிற இணைய முகவரி, ஆப்பை வெளியிடும் பிளே ஸ்டோர் கணக்கு இரண்டும் கம்பனி மின்னஞ்சலில். காசோலைக்கு இருவர் கையெழுத்து. ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தால், சட்டத்தரணி தமிழில் வரி வரியாக விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், பிள்ளைகளே. ஒப்பந்தத் தாளை நீட்டியதும் "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்குகிறவரோடு அன்றே நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போவது ஆறு வாரம் மட்டும்தான்.